மூன்றாவது கூசா

செல்வமலர் பத்தொன்பது வருடமாகக் கண்ணாடி கழுவுகிறார். மொன்றியலின் சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. அதன் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. காலையில் தள்ளுவண்டிகளில் குடுவைகளும் குழாய்களும் அழுக்காக வரும். பின்னேரம் மினுங்கிக்கொண்டு திரும்பிப் போகும். உள்ளே என்ன இருந்தது என்று அவர் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் கையால் உடைந்தது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பது கொஞ்சம் மிகை. ஒருமுறை ஓர் அளவுச்சாடியின் விளிம்பில் அரிசிமணி அளவில் சில்லு ஒன்று போனது. அதை அவரே மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்த மனிதர் சாடியைப் பார்க்காமலே குப்பைத் தொட்டியைக் காட்டினார். செல்வமலருக்கு அதற்குப் பிறகும் ஒரு கிழமை நித்திரை வரவில்லை.

வேலையில் உடையாத கண்ணாடி வீட்டில் உடைந்துகொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் இரண்டு.

உடைத்தவர் கணவர் பேரின்பநாதன். உடைத்தவர் என்று சொல்வது நியாயமில்லை. அவர் கையிலிருந்து விழுந்தது என்பதுதான் சரி. இருபத்தேழு வருடம் உடுப்புத் தொழிற்சாலையில் துணி வெட்டிய கை அது. நாற்பது மடிப்புத் துணியை அடுக்கி, மின்கத்தியை ஓட்டி, மேல்மடிப்புக்கும் அடிமடிப்புக்கும் மயிரளவு வித்தியாசமில்லாமல் எடுத்த கை. போன வருடம் அவருக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. வைத்தியர்கள் அதை வெட்டி, மருந்தேற்றி, விரட்டிவிட்டார்கள். நோய் போனது. அதை விரட்ட வந்த மருந்து, போகும்போது அவருடைய விரல்நுனிகளிலும் உள்ளங்கால்களிலும் இருந்த உணர்வைக் கையோடு எடுத்துக்கொண்டு, எரிவை மட்டும் விட்டுவிட்டுப் போனது. எதைத் தொட்டாலும் அந்த விரல்களுக்குத் தெரியாது. எதையும் தொடாமல் சும்மா வைத்திருந்தால் எரியும்.

எரிவுக்குக் குளிசை தந்தார்கள். குளிசை எரிவை அடக்கியது. ஆளையும் சேர்த்து அடக்கியது. பேரின்பநாதன் பகலில் பாதியை நித்திரையிலும், மீதியைத் தொலைக்காட்சிக்குப் பதில் சொல்வதிலும் கழித்தார். ஒருநாள் தேநீர் கொண்டுபோன செல்வமலரை அவர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"நீங்கள் ஆர் வீட்டுப் பிள்ளை?"

முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் கணவர் அவரை 'நீங்கள்' என்று சொன்னது அன்றைக்குத்தான். அடுத்த நாளே செல்வமலர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருத்தி, குளிசையைக் குறைத்துவிட்டுக் கஞ்சாவைப் பார்க்கலாம் என்று, இஞ்சித் தேநீர் குடிக்கச் சொல்வதுபோல் சொன்னாள். ஒட்டாவாவில் இருக்கும் மகள் நிருஷா தொலைபேசியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது ஒரு மூலிகை."

"பேர் எனக்குக் கேட்டது," என்றார் செல்வமலர். அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள அவருக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

நெருப்பு வைக்கத் தேவையில்லை, புகையில்லை. வேப்பரைசர் என்று ஒரு சின்ன மின்கருவி மூலிகையைச் சூடாக்கி ஆவியாக்கும்; அதை இழுத்தால் போதும். மூன்றாம் நாளே பேரின்பநாதனின் கால் எரிவு பாதியானது. ஆனால் ஆவி வறண்டு, சுட்டு, தொண்டையைப் பிடித்தது. இருமத் தொடங்கினால் வயிற்றில் வெட்டித் தைத்த இடம் பிடித்து இழுக்கும். அதற்கும் வழி இருந்தது. அடியில் தண்ணீர் விட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கருவியோடு பொருத்தி இழுத்தால், ஆவி தண்ணீருக்குள்ளால் குமிழியிட்டு வந்து குளிரும். கடைக்காரர்கள் அதற்குப் பொங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வயிறும் நீண்ட கழுத்துமாக வந்திறங்கிய அந்தப் பொருளைப் பார்த்துப் பேரின்பநாதன், "தண்ணிக் கூசா மாதிரியெல்லோ கிடக்கு," என்றார். அன்றிலிருந்து வீட்டில் அது கூசா. அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது என்பது கூடுதல் வசதி.

நிருஷா அனுப்பிய முதலாவது கூசா மெல்லியது. பதினோராம் நாள் கழுவுதொட்டிக்குள் விழுந்து நொறுங்கியது. அடுத்தது பாரமானது. அது குளியலறைத் தரையோட்டில் விழுந்து, ஓட்டையும் உடைத்துக்கொண்டு உடைந்தது. பேரின்பநாதன் துண்டுகளைத் தானே பொறுக்குவேன் என்று குந்தினார். விரல் வெட்டுப்பட்டு இரத்தம் ஒழுகுவது அவருக்குத் தெரியவில்லை. செல்வமலர் கண்டுதான் சொன்னார்.

"மலர், இஞ்ச பாரும்," துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார். "மூண்டாவதும் உடைஞ்சால் நான் இந்த இழுக்கிறதையே விட்டிடுவன். குளிசையே காணும்."

"உடைஞ்சால் இன்னொண்டு வாங்கலாந்தானே."

"வாங்கிறதும் உடைக்கிறதும்தான் இனி என்ர வேலையோ? வேண்டாம்."

சொன்னால் சொன்னதுதான் என்பது பேரின்பநாதனைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிகரெட்டை அவர் அப்படித்தான் ஒரு புதன்கிழமை விட்டார். ஒரு தம்பியுடன் பேசுவதையும் அப்படித்தான் விட்டார். அதுவும் ஒரு புதன்கிழமை.

ஆகவே மூன்றாவது உடையக்கூடாது. நிருஷாவைக் கேட்டால் உடனே சொன்னாள், சிலிக்கனில் வாங்குங்கோ, எறிந்தாலும் உடையாது என்று. படத்தையும் அனுப்பினாள். பேரின்பநாதன் கைபேசியைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"பச்சைப்பிள்ளை மாதிரிச் சூப்பிப் போத்திலில குடிக்கிற வயசு எனக்கு இன்னும் வரேல்லை."

அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. கண்ணாடியாக இருக்கவேண்டும், உடையவும் கூடாது. செல்வமலர் தானே போய்ப் பார்த்து வாங்குவதென்று தீர்மானித்தார். தீர்மானித்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பயம் சட்டத்தைப் பற்றியது இல்லை. சட்டம் அனுமதித்து வருடக்கணக்காகிறது. பயம் பாலாம்பிகையைப் பற்றியது. பேரின்பநாதனின் தமக்கை. கர்க்லாண்டில் மகனோடு இருக்கிறார். கோயில் திருவிழாக் காலத்தில் மடைப்பள்ளி முழுக்க அவர் பொறுப்பு. உப்புப் போடுவதற்குக்கூட அவரிடம் கேட்கவேண்டும். தம்பிக்கு நோய் வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிவிட்டு வருவார், ஐஸ்கிறீம் டப்பாவில் பாகற்காய்க் கறியோடு. அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் பயம்.

பக்கத்திலேயே அப்படியொரு கடை இருந்தது. அதற்கு அடுத்த கதவு தமிழ்க் கடை. வாழைப்பொத்தி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் இந்தக் கடையின் கண்ணாடிக்குள்ளால் பார்ப்பார்கள். ஆகவே செல்வமலர் லவாலுக்குப் போவதென்று முடிவு செய்தார். பஸ்ஸில் ஏறினால் வடக்கே ஆற்றைக் கடந்து கொஞ்ச நேரத்தில் லவால். பஸ்ஸில் தெரிந்தவர்கள் வருவார்கள். அதனால் மெட்ரோ. ஒறேஞ்ச் லைன் ஒரு லாடத்தைப்போல வளைந்தது. ஒரு நுனி சென்ட் லோரன்ட், மறு நுனி லவால். ஒரு நுனியில் ஏறி, நகரத்தின் அடிவயிறு வரை இறங்கி, திரும்பவும் மேலே ஏறி, ஒரு மணித்தியாலம் இருந்து, புறப்பட்ட இடத்துக்குக் கிட்டத்தான் போய் இறங்கினார். ஊர்ச்சனத்தில் பாதி சில வருடங்களாக வீடு வாங்கிக் குடியேறியிருப்பது லவாலில்தான் என்பது, பாதி வழியில், சுரங்கத்துக்குள்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

மடியில் ஃபைல் இருந்தது. அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த ஃபைல் இல்லாமல் அவர் எந்த முக்கிய காரியத்துக்கும் போனதில்லை. வைத்தியரின் கடிதம், ஆஸ்பத்திரி அறிக்கை, மருத்துவ அட்டை, குடியுரிமைப் பத்திரம், பழைய அகதி விசாரணைக் கடிதத்தின் பிரதி, எதற்கும் இருக்கட்டும் என்று கலியாணப் பதிவு. கைப்பையில் இரண்டு சோடி வெயில் கண்ணாடியும் இருந்தது. வெளியே பெப்ரவரி மாதம். வெயில் என்று ஒன்று இருப்பதை யாரும் நம்பாத காலம்.

கடை, ஒரு பல் வைத்தியருக்கும் நகம் திருத்தும் இடத்துக்கும் நடுவில் இருந்தது. செல்வமலர் மூன்று முறை கடந்து போனார். நாலாம் முறை பல் வைத்தியரின் வரவேற்புப் பெண் ஜன்னலால் பார்த்துச் சிரிக்கவே, வெட்கத்தில் இந்தக் கதவைத் தள்ளிவிட்டார்.

உள்ளே இருட்டும் புகையும் இருக்கும் என்று நினைத்திருந்தார். வெள்ளை வெளிச்சம். தட்டுத் தட்டாகக் கண்ணாடி, நகைக்கடை போல. ஒரு விரல்ரேகை கிடையாது. ஆய்வுகூடத்துக்கு வெளியே இவ்வளவு துப்புரவான கண்ணாடியை அவர் கண்டதில்லை. பயத்துக்கு நடுவிலும் ஒரு தொழிலாளியின் மரியாதை உண்டானது.

"பொன்ஜூர், ஹாய்," என்றாள் மேசைக்குப் பின்னால் நின்ற பெண். முப்பது வயதிருக்கும்.

செல்வமலர் ஃபைலைத் திறந்து கடிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். அந்தப் பெண் கலியாணப் பதிவு வரும்வரை பொறுத்திருந்தாள்.

"அன்ரி," என்றாள், தமிழில். "இதுக்குக் கடிதம் ஒண்டும் தேவையில்லை. வயசு காட்டினால் காணும். நீங்கள் அதுவும் காட்டத் தேவையில்லை, பார்க்கவே தெரியுது."

அந்தத் தமிழைக் கேட்டதும் செல்வமலர் கடிதங்களைக் கையால் மூடினார். பெண் உற்றுப் பார்த்தாள்.

"நீங்கள் செல்வமலர் அன்ரி எல்லோ? எங்கட அம்மாவோட வேலை செய்யிறனீங்கள். நான் செலீன்ர மகள், றொஷினி."

செலீனுக்குத் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் வேலை. தங்கமான மனுசி. மதியச் சாப்பாட்டில் அவருக்குத் தெரிந்தது, தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் பின்னேரமே தெரிந்துவிடும். செல்வமலர் கடிதங்களைத் திரும்ப ஃபைலுக்குள் தள்ளினார்.  தயவுசெய்து அம்மாவிடம் சொல்லாதே என்று கேட்க வாயெடுத்தார்.

"அன்ரி, அம்மாட்ட மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ," என்றாள் றொஷினி.

செல்வமலர் வாயை மூடிக்கொண்டார்.

"அம்மாவுக்கு நான் கிறிஸ்டல் கிளாஸ் கடையில மனேஜர் எண்டுதான் தெரியும். பொய்யில்லை. மனேஜர்தான். கண்ணாடிதான்."

"நான் சொல்லமாட்டன்," என்றார் செல்வமலர். கொஞ்சம் யோசித்து, "நானும் இஞ்ச வரேல்லை," என்றார்.

"நீங்கள் ஆரெண்டே எனக்குத் தெரியாது. சொல்லுங்கோ, என்ன பார்க்கிறீங்கள்?"

அதற்குப் பிறகுதான் செல்வமலரால் மூச்சு விட முடிந்தது. கணவரின் விரலைப் பற்றிச் சொன்னார், இருமலைப் பற்றிச் சொன்னார், மூன்றாவதைப் பற்றிச் சொன்னார். மரியாதையாகக் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"உடையாததெண்டால் சிலிக்கன்தான், அன்ரி."

"மாட்டார். சூப்பிப் போத்திலாம்."

றொஷினி சிரித்துவிட்டு மேல்தட்டிலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் இறக்கினாள். "அப்ப இது. ஒன்பது மில்லிமீற்றர் தடிப்பு. விழுந்தாலும் தாங்கும். எல்லாரும் இதைத்தான் கேக்கிறவை."

செல்வமலர் அதைத் தூக்கிப் பார்த்து வைத்தார். "தடிச்ச கண்ணாடி விழுந்தால் தாங்கும், பிள்ளை. சுட்டுக் குளிர்ந்தால் தாங்காது. வெளிப்பக்கம் சுருங்கும், உள்பக்கம் சுருங்காது. ரெண்டும் இழுபட்டு வெடிக்கும். எங்கட இடத்தில புதுசா வாற ஆக்களுக்கு நான் முதல் நாளே சொல்லுறது, சுடுதண்ணி பட்ட கண்ணாடியில பச்சைத்தண்ணி படக்கூடாது."

"நான் இஞ்ச மூண்டு வருசம். இது தெரியாது."

"உந்தக் கொம்பியூட்டரில வெள்ளையா ஒரு பக்கம் எடுத்து விடும்."

றொஷினி விட்டாள். செல்வமலர் வெயில் கண்ணாடி ஒன்றை எடுத்து மூக்கில் மாட்டாமல் கையில் பிடித்து, மெல்லத் திருப்பினார். ஒரு கோணத்தில் வெள்ளைத் திரை கறுத்துப்போனது. பிறகு கூசா ஒன்றைத் திரைக்கு முன்னால் பிடித்து, அந்தக் கறுப்புக்குள்ளால் பார்த்தார். கழுத்தும் வயிறும் ஒட்டிய இடத்தில் மஞ்சளும் நீலமுமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"பார்த்தீரோ? ஊதி ஒட்டினவன் ஆறுதலாய் ஆறவிடேல்லை. உள்ளுக்குள்ள இழுவை நிக்குது. வெளியில வடிவாய்த்தான் இருக்கும். ஒருநாள் சும்மா வைச்ச இடத்தில டிக் எண்டும்." ஆய்வுகூடத்தில் குடுவை ஒட்டும் அன்டன் சாப்பாட்டு நேரத்தில் காட்டிக்கொடுத்த வித்தை அது. "மற்றச் சோடியை நீர் பிடியும். எனக்குக் கண் சரியோ எண்டு பார்க்கவேணும்."

இரண்டு பெண்கள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, வெயில் கண்ணாடிகளைத் திருப்பித் திருப்பிப் பிடித்து ஒன்றொன்றாகப் பார்த்தார்கள். நாகம் சுற்றியதும் மண்டையோடு வைத்ததும் முதலிலேயே கழிந்தன. கண்ணுக்கு மிக அழகாக இருந்த பச்சைக் கழுத்துக்காரிக்குள் வானவில்லே இருந்தது. ஏழாவதுதான் முழுக்கக் கறுப்பாக நின்றது, ஓரிடத்திலும் வெளிச்சமில்லாமல். கழுத்து குட்டை, வயிறு பருத்து, கால் அகலம், ஒரு நிறமுமில்லை. அடி மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. செல்வமலர் அந்த இடத்தை விரலால் இரண்டு முறை தடவினார். எல்லாம் ஒன்றில் கிடைக்காது.

"அது ஒருத்தரும் வாங்காமல் வருசக்கணக்காய் நிக்குது," என்றாள் றொஷினி.

"அப்ப உடையாமலும் நிண்டிருக்கு," என்றார் செல்வமலர்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பையைத் திறக்கவில்லை. வெளிக்குளிர் கண்ணாடிக்குள் இருக்கும். ஒரு மணித்தியாலம் கதவடியில் அப்படியே இருக்கட்டும் என்றார். பேரின்பநாதன் அந்த ஒரு மணித்தியாலமும் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைத்தாச்சியைக்கூட நீங்கள் இவ்வளவு கவனமாய்ப் பார்க்கமாட்டியள் போல," என்றார். அந்த 'நீங்கள்' கேட்டுச் செல்வமலர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பேரின்பநாதன் சிரித்துக்கொண்டிருந்தார். பகிடி. 

பழைய காரின் ரப்பர் விரிப்பை வெட்டி ஒரு தட்டில் போட்டு, அதன்மேல்தான் கூசா இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. தண்ணீர் விடுவதும் கழுவுவதும் செல்வமலர் மட்டும். பேரின்பநாதன் தட்டோடு மடியில் வைத்து இழுக்கவேண்டும், தட்டோடு வைக்கவேண்டும். முதல் நாள் ஆவி தண்ணீருக்குள்ளால் கொடுகொடுவென்று வந்தது. அவர் இழுத்து, வைத்திருந்து, விட்டார். இருமல் வரவில்லை. இரண்டு பேரும் அது வரும் வரும் என்று காத்திருந்தார்கள்.

மூன்று கிழமை நன்றாகப் போனது என்று யாராவது சொல்வார்களானால் அவர்கள் பேரின்பநாதனைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். குளிசை பாதியானது. பத்திரிகையை உரத்து வாசித்து, எழுத்துப்பிழைகளுக்குச் சிவப்புக் கோடு போட்டார். ஒருநாள் குழம்பில் உப்புக் காணாது என்றார். செல்வமலர் குசினிக்குள் போய் நின்று கண்ணைத் துடைத்துவிட்டு உப்போடு வந்தார். கூசா ஒருமுறை மடியிலிருந்து நழுவிக் கம்பளத்தில் உருண்டது. உடையவில்லை. அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "கெட்டிக்காரன்," என்றார்.

செல்வமலரின் மூன்று கிழமை வேறு. வேலையில் குடுவைகளைக் கழுவும்போது வீட்டுக் கூசாவை நினைப்பார். பஸ்ஸில் வரும்போது கைபேசி அடித்தால், உடைந்துவிட்டது என்றுதான் எடுப்பார். ஞாயிறு காலையில் அதைத் துவாயில் சுற்றி, சோறவிக்கும் பானை வந்த பெட்டிக்குள் வைத்து, அலுமாரிக்குள் தள்ளி, ஜன்னலைத் திறந்து, சாம்பிராணி போட்டுவிட்டு, பாலாம்பிகைக்காகக் காத்திருப்பார். "என்ன, ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளிக்கிழமை மாதிரி மணக்குது," என்பார் பாலாம்பிகை. அவ்வளவுதான் சொல்வார். அதன் அர்த்தத்தை யோசித்தே செல்வமலருக்குத் திங்கட்கிழமை போய்விடும்.

கழுவுவது சனிக்கிழமைப் பின்னேரம். உள்ளே பிசின் பிடித்திருக்கும். மற்றவர்கள் கல்லுப்புப் போட்டுக் குலுக்குவார்களாம். உப்புக் கீறும், கீறின இடத்தில்தான் கண்ணாடி வெடிக்கும் என்று செல்வமலர் உப்பைக் கிட்டவும் விடவில்லை. முதலில் இளஞ்சூட்டில் அலசி, பிறகு கேத்திலில் கொதித்த தண்ணீரை மெல்ல விட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, ஊற்றி, ஆறும்வரை துணியில் வைப்பது. அன்றைக்கும் கொதிதண்ணீர் உள்ளே இருந்தது. பிசின் இளகிக் குசினி முழுக்க மணத்தது.

கதவு மணி அடித்தது.

"மலர்," பேரின்பநாதன் முன்னறையிலிருந்து கூப்பிட்டார், கதவுத் துளையால் பார்த்துவிட்டு. "அக்கா."

"இண்டைக்குச் சனியெல்லோ?"

"சனியிலயும் அக்கா அக்காதானே."

கதவுச் சங்கிலியை எடுக்கும் சத்தம் கேட்டது. கூசாவைத் துவாயில் சுற்றவேண்டும், பெட்டிக்குள் வைக்கவேண்டும், மணத்தை நிறுத்தவேண்டும். செல்வமலர் கொதிதண்ணீரைக் கழுவுதொட்டிக்குள் கவிழ்த்தார். கூசா கையைச் சுட்டது. பிடிக்க முடியவில்லை. வலது கை போய்க் குழாயைத் திறந்தது. மொன்றியலின் பெப்ரவரிக் குழாய்த் தண்ணீர், ஆற்றுப் பனிக்கு அடியிலிருந்து வந்த தண்ணீர், கூசாவின் அடியில் விழுந்தது.

டிக்.

சத்தம் சின்னதுதான். கூசாவின் அடி, ஒரு நாணயம் போல வட்டமாக, கழன்று தொட்டிக்குள் கிடந்தது. மீதி அவர் கையில் இருந்தது. தண்ணீர் அதற்குள்ளால் நேராக ஓடியது.

ஜன்னலுக்கு வெளியே பனி விழுவது தெரிந்தது. செல்வமலருக்கு அந்தக் கேள்வி கேட்டது, அதே மரியாதையோடு: நீங்கள் ஆர் வீட்டுப் பிள்ளை.

"என்ன சத்தம்?" பேரின்பநாதன் குசினி வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால், தொப்பியில் பனியோடும் கையில் ஐஸ்கிறீம் டப்பாவோடும் பாலாம்பிகை. மகன் சென்ட் லோரன்ட்டில் டயர் மாற்ற வந்தானாம், கூட வந்திருக்கிறார்.

செல்வமலர் கூசாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தண்ணீர் சட்டையில் ஒழுகியது. பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்து முன்னால் கொண்டுவந்தார்.

"நான்தான்," என்றார். "சுடுதண்ணிக்குப் பிறகு பச்சைத்தண்ணி விட்டிட்டன்."

பேரின்பநாதன் அடியில்லாத கூசாவைப் பார்த்தார். தொட்டிக்குள் கிடந்த வட்டத்தைப் பார்த்தார். மனைவியின் கையைப் பார்த்தார். தன் கையையும் ஒருமுறை பார்த்தார்.

"எத்தனை வருசமப்பா நீர் உந்த வேலை?"

"பத்தொன்பது."

"ஒண்டும் உடைக்காமல்."

"ஒரு சில்லு."

பேரின்பநாதனுக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று செல்வமலர் பயந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், வயிற்றுத் தையலை மற்றக் கையால் அமத்திக்கொண்டு. நோய்க்குப் பிறகு அப்படிச் சிரித்ததில்லை. சிரிப்பு முடிந்து மூச்செடுத்து, "சரி. அப்ப என்ர கையில பிழையில்லை," என்றார்.

"விடமாட்டியளோ?" என்றார் செல்வமலர்.

"எதை?"

"மூண்டாவது உடைஞ்சால் விடுறதெண்டு..."

"உந்தக் கூசாவை நான் உடைக்கேல்லையே. பேந்து ஏன் நான் விட?"

பாலாம்பிகை இவ்வளவு நேரமும் டப்பாவோடு நின்றார். "என்ன உது?" என்றார்.

செல்வமலர் கண்ணை மூடிக்கொண்டார். கணவர் "கூசா" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தார்.

"கஞ்சா இழுக்கிறது, அக்கா," என்றார் பேரின்பநாதன். "டொக்டர் தந்தது. கால் எரிவுக்கு."

பாலாம்பிகை டப்பாவை மேசையில் வைத்தார். கையுறையைக் கழற்றினார், ஒவ்வொரு விரலாக. தொட்டிக்குக் கிட்டப் போய், வட்டக் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எரிவு குறையுதோ?"

"ஓம். ஆளை மாத்தாமல் குறையுது."

பாலாம்பிகை தலையாட்டினார். வட்டத்தைக் கீழே வைத்துவிட்டுச் செல்வமலரிடம் திரும்பினார். அந்த முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் செல்வமலர் காத்திருந்த கோபம் இல்லை.

"சுட்ட கண்ணாடியில பச்சைத்தண்ணி விடக்கூடாதெண்டு மடைப்பள்ளியில நிக்கிற சின்னப் பிள்ளையளுக்கே தெரியும். நீர் உந்த வேலையைத்தானே செய்யிறனீர்?"

செல்வமலர் தன் அறையில் புதிதாக வருபவர்களுக்குத் தான் சொல்லும் அதே வசனத்தை, அதே குரலில் வாங்கிக்கொண்டு நின்றார். பாலாம்பிகை தேநீர் குடித்துவிட்டுப் போனார். மகனிடம் சொல்வாரா, கோயிலில் சொல்வாரா என்பது முகத்தில் தெரியவில்லை. செல்வமலர் அதை வைத்துக்கொண்டு அடுத்த ஒரு கிழமையைக் கழித்தார்.

அடுத்த சனிக்கிழமை பேரின்பநாதன் தானும் வருவதாகச் சப்பாத்தை மாட்டினார். கால் எரியும், மெட்ரோவில் ஒரு மணித்தியாலம் குந்தியிருக்க ஏலாது என்று, இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். தெரிந்தவர்கள் மூன்று பேர் ஏறினார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். "கண்ணாடிக் கடைக்கு," என்றார் பேரின்பநாதன்.

றொஷினி புதிதாக வந்தவற்றைத் திரையின் முன்னால் வரிசையாக வைத்திருந்தாள். செல்வமலர் வெயில் கண்ணாடியை எடுத்தார். பேரின்பநாதன் பொறும் என்று கையைக் காட்டிவிட்டு, நேரே மூலைத் தட்டுக்குப் போனார். சாம்பல் நிறச் சிலிக்கன் ஒன்றை எடுத்து, அமத்திப் பார்த்து, வேண்டுமென்றே தரையில் போட்டார். அது ஒருமுறை துள்ளி, உருண்டு, செல்வமலரின் காலடியில் வந்து நின்றது.

"இது காணும்," என்றார்.

"சூப்பிப் போத்தில் எண்டனீங்கள்?"

"எனக்கெண்டால் கண்ணாடிதான் எடுத்திருப்பன்." றொஷினியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார், செல்வமலருக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும். "என்ன செய்ய, பிள்ளை. வீட்டில கழுவுற ஆளின்ர கை சரியில்லை."

செல்வமலர் குனிந்து அதை எடுத்தார். பாரமே இல்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்; சிலிக்கன் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும், எத்தனை முறை கழுவினாலும் போகாது, பாலாம்பிகைக்குத் தெரிந்துவிட்ட பிறகும், அதை எப்படி அலுமாரிக்குள் ஒளிப்பது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கினார்.